டவர் வந்ததும் அனுப்பு

என் சித்தப்பா மண்வெட்டிக் காம்பால் என் அப்பாவின் மண்டையில் அடித்த காலையில், நான் வீட்டின் பின்பக்க அறையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். விவசாயிகள் போனிலிருந்தே பம்புசெட்டை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு ஆப்பும், அதற்காக மோட்டார் கொட்டகையில் மாட்டும் ஒரு பெட்டியும் செய்து விற்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. தஞ்சாவூரில், மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றின் மாடியில் இருக்கிறது. ஒரு மோட்டாருக்கு ஒரு குடும்பத்தில் மூன்று நான்கு போன்கள் இருக்கும். எந்தப் போன் சொல்வதை மோட்டார் கேட்க வேண்டும், ஒரு போனில் அழுத்தியது மற்ற போன்களில் எப்போது தெரிய வேண்டும், டவர் இல்லாதபோது அழுத்தினால் அது என்ன ஆக வேண்டும், இதையெல்லாம் வாடிக்கையாளரே தேர்ந்தெடுத்துக்கொள்ள ஆப்பில் ஒரு பக்கம் வைத்திருந்தோம். இங்கிலீஷில் சிங்க் செட்டிங்ஸ் என்று இரண்டு சொல்லில் முடிந்துவிடும். அதைப் படித்த மாத்திரத்தில் புரிகிற தமிழில் எழுதுவது என் வேலை.

வெளியில் அப்பாவின் சத்தம் கேட்டது. எங்கள் அப்பாவுக்கு வாய் பெரிது, அதனால் நான் எழுந்திருக்கவில்லை. பிறகு சித்தியின் சத்தம் கேட்டது. “விடுங்க, செத்துத் தொலையப் போறாரு, விடுங்க” என்று அலறினாள். அதற்குப் பிறகுதான் ஓடினேன்.

கொல்லையைத் தாண்டி வரப்பில் அப்பா ஒரு முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். காதுக்கு மேலே மண்டை பிளந்து, ரத்தம் கழுத்து வழியாக இறங்கி பனியனை நனைத்திருந்தது. சித்தப்பா காம்பை ஓங்கியபடி நின்றார். “இன்னொரு தடவ என் மொறையில கை வெச்சே, இங்கயே பொதச்சிருவேன்” என்றார். அப்பா சும்மா இருப்பாரா? சேற்றை அள்ளி அவர் கண்ணில் அடித்தார். எழுந்த வேகத்தில் வயிற்றில் முட்டினார். இரண்டு பேரும் நாற்றங்காலில் விழுந்து உருண்டார்கள். ஒருவருக்கு அறுபது நெருங்குகிறது, இன்னொருவர் ஐம்பதைத் தாண்டியாயிற்று. நான் நடுவில் புகுந்து அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். யாருடைய முழங்கையோ என் வாயில் பட்டு உதடு கிழிந்தது. எனக்கும் கோபம் வந்துவிட்டது. வரப்பில் கிடந்த பிளாஸ்டிக் குடத்தை எடுத்து, யார் எவர் என்று பார்க்காமல் இரண்டு முதுகிலும் போட்டேன். குடம் உடைந்த பிறகுதான் பிரிந்தார்கள். நாற்றில் பாதி சேற்றோடு சேறாகக் கிடந்தது.

சண்டை மோட்டாருக்காக. பாகப்பிரிவினையில் அப்பாவும் சித்தப்பாவும் நிலத்தைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள், பித்தளை அண்டாவைக்கூட விலை போட்டுப் பிரித்தார்கள். போர்க்கிணற்றையும் மோட்டாரையும் பிரிக்க முடியவில்லை. எங்கள் பக்கம் பிரிந்துபோன எந்தக் குடும்பத்தைப் பார்த்தாலும் நடுவில் இப்படி ஒரு பங்கு மோட்டார் நிற்கும். ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்கால் நிறைந்துவிட்டால் அண்ணனும் தம்பியும் ஒரே இலையில் சாப்பிடுவார்கள். எங்களுடையது வாய்க்காலின் கடைமடை. தண்ணீர் வந்து சேர்வதற்குள் நாற்று முற்றிவிடும். அந்த இடைவெளியில் போர்த் தண்ணீர்தான் எல்லாம், அதுவும் மும்முனைக் கரண்ட் இருக்கிற சில மணி நேரத்துக்குத்தான்.

ஆப் வருவதற்கு முன்பு, அடுத்தவர் ஓட்டுகிற மோட்டாரை நிறுத்த வேண்டுமானால் கொட்டகை வரைக்கும் நடக்க வேண்டும். போகிற வழியில் யாராவது டீ குடிக்கக் கூப்பிடுவார்கள், பாதிக் கோபம் அங்கேயே போய்விடும். போனில் வந்த பிறகு அந்த நடை இல்லை. ஒரு கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்து இலையில் சாம்பார் ஊற்றும்போதே அப்பா மோட்டாரை நிறுத்தினார். எதிர்ப் பந்தியில் இருந்த சித்தப்பா போனைப் பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினார். இவர் நிறுத்த, அவர் ஓட்ட, இரண்டு பேரும் இடது கையால் போனைக் குத்திக்கொண்டே வலது கையால் பாயசம் வரைக்கும் சாப்பிட்டு முடித்தார்கள். ஊருக்குத் திரும்பிப் பார்த்தால் காயில் எரிந்து கிடந்தது. இந்தக் கதையைக் கேட்டு எங்கள் முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். “இவங்களவிட நல்ல டெஸ்டிங் எங்கம்மா கெடைக்கும்?” என்றார். அன்றிலிருந்து எந்தப் புது வசதியானாலும் முதலில் எங்கள் வீட்டு மோட்டாரில்தான் ஓட்டிப் பார்ப்போம்.

அந்த மாதம் நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது இந்த சிங்க் விஷயம். கம்பெனியில் முதலாளி, புரோகிராம் எழுதும் ஒருவர், நான், மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். வீட்டுக்கு ஒரு போனை மட்டும் தலைமைப் போனாக வைத்து, மற்றதெல்லாம் பார்க்க மட்டும் என்று விடலாம் என்றேன். முதலாளி தலையில் கை வைத்தார். “யாரு தலைமைன்னு நாம கேட்டோம்னா, வீட்டுக்கு வீடு வெட்டுக்குத்து ஆயிரும்மா. எல்லாப் போனுக்கும் குடுத்துரு. கடைசியா எது வருதோ அத மோட்டார் கேக்கட்டும்.” அப்படியே ஆயிற்று.

அடுத்தது டவர். சீர்காழிப் பக்கத்திலிருந்து ஒருவர் தினமும் போன் செய்து சண்டை பிடிப்பார். “நான் அழுத்துறப்ப டவர் இல்லைன்னா, வந்தோன்ன தானா போவணும்ல? நான் என்ன ஒக்காந்து அழுத்திக்கிட்டே இருக்கவா?” அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கொட்டகைப் பெட்டிக்குள் ஒரு சிம் இருக்கும். அதற்கு டவர் கிடைக்காவிட்டால், அழுத்தியதை எங்கள் சர்வரிலேயே நிறுத்திவைத்து, டவர் வந்ததும் பெட்டிக்கு அனுப்பலாம். அதற்கு ‘டவர் வந்ததும் அனுப்பு’ என்று பெயர் வைத்தோம். அப்படிக் காத்திருக்கிற கட்டளையை வீட்டின் மற்ற போன்களில் காட்டலாமா என்று ஒரு கேள்வி வந்தது. மோட்டார் நிற்கும்போது ஓடப்போகிறது என்று காட்டினால் ஜனங்கள் குழம்புவார்கள், ஓடிய பிறகு காட்டினால் போதும் என்றார் புரோகிராம்காரர். சரி என்றோம். அந்தச் சரியில் என் குரலும் உண்டு. மாரில் அடித்துக்கொள்வதற்காக இதை எழுதவில்லை, நடந்தது அது. விளக்கம் எழுதி முடிக்கும் முன்பே எங்கள் வீட்டு மோட்டாரில் அதை ஓடவிட்டிருந்தோம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் பம்பில் கை வைப்பதற்கு முன்னால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் சொருகிக்கொள்வார்கள். கட்டை மடியில் இருக்கும் வரைக்கும் எவனாலும் மோட்டாரை ஓட்ட முடியாது. ஆப் வந்த பிறகு அந்தப் பழக்கம் போய்விட்டது. போனை எடுத்துப் பார்ப்பார்கள். சிவப்பு வட்டத்தில் ‘நிற்கிறது’ என்று இருந்தால் உள்ளே கையை விடுவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, எல்லாக் கொட்டகையிலும் அப்படித்தான் ஆகியிருந்தது.

அன்றைய சண்டைக்கு வருகிறேன். முந்தின நாள் கரண்ட் இல்லாமல் அப்பாவின் முறை வீணாகப் போயிருந்தது. அதை மறுநாள் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார். போனில் ஓட்டினால் தம்பி போனில் தெரிந்துவிடும் என்று, விடிந்ததும் கொட்டகைக்குப் போய்ப் பெட்டியைத் தொடாமல் பழைய சுவிட்சில் ஓட்டினார். ஓட்டியதோடு நிற்காமல், மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற பெல்ட்டையும் அறுத்துவிட்டார். தன் முறைக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த சித்தப்பாவுக்கு அறுந்த பெல்ட்தான் கிடைத்தது. மண்வெட்டிக் காம்பு அதற்குத்தான்.

பிரித்துவிட்ட பிறகு அப்பாவைக் கொல்லைப்புறப் படியில் உட்காரவைத்து, காயத்தில் காப்பித் தூளை வைத்து அமுக்கித் துணியால் கட்டினேன். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்றார். “அவன் கையி வெளங்காமப் போவணும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு உதடு வலித்தது. ‘நீங்களும் ஒங்க மோட்டாரும்’ என்று சொல்லிவிட்டு உள்ளே போய் என் வாக்கியத்தின் முன்னால் உட்கார்ந்தேன். ‘டவர் இல்லாதபோது நீங்கள் அழுத்தியதை நாங்கள் மறக்க மாட்டோம்’ என்று எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே அது பிடித்திருந்தது.

மதியம் வாசலில் பைக் சத்தம் கேட்டது. சித்தப்பா. வண்டியை விட்டு இறங்கவில்லை, “ஏறு” என்றார். அப்பா போய்ப் பின்னால் ஏறிக்கொண்டார். திருவிடைமருதூரில் ஒரு டாக்டரிடம் தையல் போட்டுக்கொண்டு, பஜாரில் புது பெல்ட் வாங்கிக்கொண்டு, டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். எனக்குப் பக்கோடா பொட்டலம் வந்தது. டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டதற்கு அப்பா தென்னை மட்டை விழுந்தது என்றாராம்; சித்தப்பா பக்கத்திலேயே நின்று ஆமாம் பெரிய மட்டை என்றாராம். அதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். எங்கள் குடும்பத்தில் சமாதானம் இப்படித்தான் வரும். மன்னிப்பு என்ற சொல்லை அவர்கள் யாரும் செலவழித்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் இரண்டு பேருமாகப் புது பெல்ட்டை மாட்டப் போனார்கள். சித்தப்பா போனை எடுத்துப் பார்த்தார், ‘நிற்கிறது’ என்றிருந்தது. குனிந்து, சக்கரத்தின் மேல் பெல்ட்டை ஏற்றிக் கையால் சுற்றினார். அப்பா பக்கத்தில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து அந்தப் பெட்டியின் சிம்முக்கு டவர் இல்லை. எனக்கு அது தெரியும். இப்படி அடிக்கடி போகும் என்பதால் பொருட்படுத்தவில்லை.

என் திரையில் எங்கள் மோட்டாரின் வட்டம் பச்சையானது. அதே நேரத்தில் கொட்டகைப் பக்கம் மோட்டார் சத்தமும், அதற்கு மேலே ஒரு மனிதச் சத்தமும் கேட்டது. ஓடினேன். பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் சித்தப்பாவின் வலது கை போயிருந்தது. அப்பா ஃபியூஸ் கட்டையை வெறும் கையால் பிடுங்கி எறிந்து, தீப்பொறியில் உள்ளங்கை கருகி நின்றார். சக்கரம் நின்றபோது சித்தப்பாவின் நடுவிரலும் மோதிர விரலும் கையில் இல்லை. சுவரெல்லாம் ரத்தம் தெறித்திருந்தது. சித்தப்பா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா தரையில் உட்கார்ந்து பெல்ட் துணுக்குகளுக்கு நடுவில் விரல்களைத் தேடினார். கிடைத்ததைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு தஞ்சாவூருக்கு ஓடினோம். அரைபட்டுப் போயிருக்கிறது, ஒட்டவைக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

சித்தி அன்றே கொட்டகைக்குப் போய், அதே மண்வெட்டியால் எங்கள் கம்பெனிப் பெட்டியைத் தூள் தூளாக அடித்தாள். மறுநாள் காலையில் அவளுடைய தம்பிகள் இரண்டு பேர் குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார்கள். கையில் உருட்டுக்கட்டை. அப்பாவின் பைக்கை அடித்து நொறுக்கினார்கள். ஜன்னலை உடைத்தார்கள். அப்பாவைச் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போட்டு மிதித்தார்கள். “எங்க மாமா கை உள்ள இருக்கையில மோட்டார ஓட்டுனியாடா?” என்று கேட்டுக் கேட்டு மிதித்தார்கள். நான் ஒருவனுடைய கையைக் கடித்தேன், அவன் என்னை அறைந்தான். காது கொய்ங் என்றது. ஊர்க்காரர்கள் வந்து பிடித்துக்கொண்ட பிறகுதான் ஓய்ந்தது.

எனக்கு உறுத்தியது அந்த உதை இல்லை. சேற்றை அள்ளிக் கண்ணில் அடிக்கிற என் அப்பா, அத்தனை மிதியையும் வாங்கிக்கொண்டு கையைக்கூடத் தூக்கவில்லை. போலீசுக்குப் போகலாம் என்றேன், வேண்டாம் என்றார். உள்ளே போய் லேப்டாப்பைத் திறந்தேன். எந்தப் போனிலிருந்து அழுத்தியது என்று என்னால் பார்க்க முடியும். அப்பா வந்து மூடியின் மேல் கையை வைத்தார்.

“பாக்காத. நானே சொல்றேன்.”

சொன்னார். நான் காப்பித் தூள் வைத்துக் கட்டிவிட்டு உள்ளே போன பிறகு, படியில் உட்கார்ந்தபடியே கொட்டகையைப் பார்த்திருக்கிறார். அதற்குக் கதவு கிடையாது. சித்தப்பா குனிந்து, சக்கரத்துக்குள் கையை விட்டு, சிக்கியிருந்த பழைய பெல்ட்டின் துண்டை இழுத்துக்கொண்டிருந்தார். அப்பா போனை எடுத்து ‘ஓட்டு’ என்று அழுத்தியிருக்கிறார். எங்கள் வீட்டு வைஃபையில் இருந்ததால் அது சர்வருக்கு வந்துவிட்டது. கொட்டகையில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினாராம். மூன்றாவது தடவை கட்டைவிரலை வைத்தபோது உடம்பு நடுங்கி, போனைத் தவிட்டு வாளிக்குள் போட்டுவிட்டாராம்.

“தெரிஞ்சேவா?” என்றேன்.

“தெரிஞ்சேதான். அந்த நிமிசம் அவன் கை போவணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. ஓடல. சாமிதான் ஓடாம பண்ணுச்சுன்னு நெனச்சேன். அதனாலதான் அவன் வந்து ஏறுன்னவொடன ஏறிட்டேன்.”

எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. “நீங்க மனுசனா?” என்று கத்தினேன். கையில் கிடைத்த டம்ளரை அவர் மேலேயே எறிந்தேன், தோளில் பட்டு விழுந்தது. அவர் அதை எடுத்து மேஜையில் வைத்தார். பிறகு எனக்கு ஆத்திரம் வேறு பக்கம் திரும்பியது. அவர் சொன்னது சரி. அன்று காலை அது நடக்காமல் போயிருந்தது. ஒரு மனிதன் தன் வாழ்க்கையில் செய்த மிகக் கேடான காரியம் போய்ச் சேராமல் நின்றுவிட்டது. அவர் நடுங்கினார், தம்பியோடு பைக்கில் போனார், ஒரே கிளாஸ் டீயை இரண்டாக ஊற்றிக் குடித்தார். அவர் மனம் மாறியது எங்கள் சர்வருக்குத் தெரியாது. மறக்க மாட்டோம் என்று எழுதியிருந்தோம், மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சித்தப்பா கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

“அண்ணன் வேணும்னே அழுத்துனதா பாப்பா, இல்ல ஒங்க ஆப்பு தானா ஓட்டுச்சா?”

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான் என்று முகத்தில் தெரிந்தது. விரல் போனதைவிட அந்தப் பதில் அவருக்குப் பெரிது. ஆப் என்று நான் சொல்லிவிட்டால் அண்ணன் தம்பி உறவு பிழைக்கும், எங்கள் கம்பெனி போகும். போனால் போகட்டும் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“ஆப்பு தப்புதான் சித்தப்பா. டவர் இல்லாம நின்னுபோனத அப்பறமா அனுப்பிருச்சு.”

“யாரு அழுத்துனத?”

கூட வந்து வாசலிலேயே நின்றிருந்த அப்பா உள்ளே வந்தார். “நான்தான்டா. நீ உள்ள கை விட்டிருந்தத பாத்துதான் காலையில அழுத்துனேன்” என்றார்.

சித்தப்பா எழுந்து உட்கார்ந்தார். கட்டுப் போட்ட அந்தக் கையாலேயே அப்பாவின் முகத்தில் அறைந்தார். மறுபடி அறைந்தார். கட்டு முழுக்கச் சிவந்து அப்பாவின் கன்னத்தில் ஈரம் ஒட்டியது. வலியில் சித்தப்பாவே ஊளையிட்டார், ஆனாலும் நிறுத்தவில்லை. அப்பா முகத்தைத் திருப்பாமல் நின்றார். நர்ஸ் வந்து எங்களை வெளியே தள்ளினார். தையல் பிரிந்துவிட்டது, மறுபடி போட வேண்டும் என்று எங்களைத் திட்டித் தீர்த்தார். அப்பா ஆஸ்பத்திரி வாசலில், ஆட்டோக்காரர்கள் பார்க்கப் பார்க்க, வாய்விட்டு அழுதார்.

மறுபடி தையல் போட்டு முடித்ததும் சித்தப்பா என்னை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார். சித்தியை டீ வாங்கி வரச் சொல்லி வெளியே அனுப்பினார்.

“போன சம்பாவுல ஒங்கப்பா பம்பக் கழட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தாருல்ல, சக்கரத்துக்குப் பக்கத்துல?”

“ஆமா.”

“நான் டீக்கடையில இருந்தேன். அவரு உள்ள இருக்காருன்னு ஆளு வந்து சொன்னான். நானும் அழுத்துனேன் பாப்பா.”

நான் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டேன்.

“தெரிஞ்சேதான் அழுத்துனேன். முந்தின நாளு வாய்க்கால்ல வெச்சு என்ன செருப்பால அடிச்சிருந்தாரு. அழுத்துனா, டவர் இல்லன்னு வந்துச்சு. அதோட முடிஞ்சிபோச்சு. அப்பறம் நானே போயி அவருக்குப் பம்பத் தூக்கி வெச்சுக் குடுத்தேன்.” கையைப் பார்த்தார். “அப்ப நீங்க இந்த வசதிய குடுக்கல. குடுத்திருந்தா ஒங்கப்பா இன்னிக்கு இல்ல.”

அதை அப்பாவிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். “நானே சொல்லிக்கறேன், நீ போ” என்றார். பிறகு அதை அவர் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பெரிய சமாதானம் ஒன்றும் நடந்துவிடவில்லை. அந்த சம்பா முழுக்க இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. சித்தப்பா முறை நாளில் அப்பா கொல்லைப்பக்கமே போகமாட்டார், அவ்வளவுதான்.

நான் அங்கிருந்து நேராகக் கம்பெனிக்குப் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து நடக்கிற தூரம்தான். சட்டையில் ரத்தத்தோடு என்னைப் பார்த்ததும் புரோகிராம்காரர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். ‘டவர் வந்ததும் அனுப்பு’ இனி கிடையாது என்றேன். அணைத்துவைத்து வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்றெல்லாம் இல்லை, அந்த வசதியே இருக்கக் கூடாது என்றேன். முதலாளி மெதுவாகத்தான் பேசினார்.

“கஸ்டமர் கேக்குறாங்களேம்மா.”

“கேட்டா குடுத்துடறதா சார்? கேக்குறப்ப அவன் நாத்துக்குத் தண்ணி கேக்குறானா, தம்பி கைய கேக்குறானான்னு நமக்குத் தெரியுமா?”

“ஒங்க வீட்ல நடந்துச்சுன்னு எல்லார் வீட்லயும்...”

“எங்க வீட்லயே ரெண்டு பேரு சார்” என்றேன். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

அவர் நல்ல மனிதர். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்று பேரும் அன்றே முடிவு செய்தோம். ‘நிறுத்து’ என்பதை எந்தப் போனிலிருந்தும் எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம், அது காத்திருந்து போனாலும் யாருக்கும் கேடில்லை. ‘ஓட்டு’ என்பது அந்த நேரத்திலேயே போக வேண்டும், போகாவிட்டால் செத்துப்போக வேண்டும். யார் அழுத்தினாலும் அழுத்திய கணமே எல்லாப் போனிலும் தெரிய வேண்டும். பம்பில் கை வைக்கப் போகிறவர் ‘கட்டை என் மடியில்’ என்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டால், அவரே விடுகிற வரைக்கும் வேறு எந்தப் போனும் ஓட்ட முடியாது. அதற்குக் கீழே, நிஜக் கட்டையையும் பிடுங்கி மடியில் வையுங்கள் என்று சிவப்பில் எழுதினேன். போன முறை போல அழகு பார்க்கவில்லை.

வசதியை எடுப்பதற்கு முன்னால் புரோகிராம்காரர் என்னைக் கூப்பிட்டார். வேறு சில வீடுகளிலும் இதை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். சர்வரில் இன்னும் போய்ச் சேராமல் காத்திருந்த கட்டளைகள் வரிசையாகத் திரையில் நின்றன. சீர்காழி, தரங்கம்பாடி என்று ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஊர் இருந்தது, நேரம் இருந்தது. எல்லாமே ‘ஓட்டு’. நாற்று காய்கிறதே என்று அழுத்தியது எது, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தியது எது என்று அதில் இருக்காது.

“பாவம், தண்ணிக்குக் காத்திருப்பாங்க. இத மட்டும் போகவிட்டுட்டு எடுத்துருவோமா?” என்றார் அவர்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே எல்லாவற்றையும் அழித்தேன். அப்பா அழுத்தியது அந்த வரிசையில் இல்லை. அது போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது.